சித்திக்கு, ரிசல்ட் கேட்கப் போன கதை

சித்தி, இதில் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதப் போவதில்லை. நடந்தது நடந்தபடி இருக்கும். பேசியவர்கள் பேசியபடியே பேசுவார்கள். நீ இருந்தால் "நீ சொல்லுத கதையில பாதி உன் சொந்தச் சரக்குல்லாட்டி" என்று கேலி செய்வாய். அதனால்தான் முதலிலேயே உறுதி சொல்லிவிடுகிறேன். உண்மையை மட்டும்தான் எழுதுவேன்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில், பெண்கள் பிரிவுக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே ஒரு கதவு சாத்தியிருக்கிறது. அம்மா உள்ளே இருக்கிறாள். பதறாதே, கெட்ட செய்தி இல்லை. என் எழுத்து கோணல்மாணலாக ஓடுவது சந்தோஷத்தில்தான். சற்று முன்புதான் பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

இதே பெஞ்சில்தான் அன்றைக்கும் இருந்தோம். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. "பையப் பிடிக்க ஆளு வேணும், வாட்டி" என்று என்னைக் கூட்டி வந்தாய். வீட்டில் வயிற்று வலி என்று மட்டும் சொல்லியிருந்தாய். உள்ளே போய்ச் சதைத் துணுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும், வலியைக் காட்டிக்கொள்ளாமல் மூக்கைப் பொத்தினாய். "ஏட்டி, இவிய பினாயிலத் தரைக்கு ஊத்துதாவளா, நம்ம மூக்குக்கு ஊத்துதாவளா?" என்றாய். பக்கத்தில் இருந்த கர்ப்பிணி சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். அந்த நர்ஸ்தான் உன்னிடம் போன் நம்பர் கேட்டார். நீ யோசிக்கக்கூட இல்லை. வேன் அண்ணாச்சியின் நம்பரை மூச்சுவிடாமல் ஒப்பித்தாய்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். நம் ஊருக்கு இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. நீயும் அம்மாவும் வேலைக்குப் போன தீப்பெட்டித் தொழிற்சாலையில், நம் பேச்சில் தீப்பெட்டி ஆபீஸில், கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் அது கைக்கு வரும். அதனால் நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும், பிள்ளையின் பள்ளிக்கூடமானாலும் கேஸ் கம்பெனியானாலும், தங்களை ஏற்றிப் போகும் வேன்காரரின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். அண்ணாச்சியும் முகம் சுளிக்க மாட்டார். சாயங்காலம் வண்டியைக் கிளப்பும் முன்பு திரும்பி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்வார்.

"ஏ தாயி, உம் மவனுக்குக் காய்ச்சலாம், டீச்சர் சொன்னாவ. உனக்கு சிலிண்டர் வந்து பக்கத்து வீட்டுல கெடக்கு. உன் மாமியா கயத்தாத்துல பஸ் ஏறிட்டாவளாம்."

"ஐயையோ அண்ணாச்சி, வண்டியத் திருப்புங்க, நான் ஆபீஸ்லயே படுத்துக்கிடுதேன்!"

வேன் குலுங்கிச் சிரிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வழியில் ஏறிக்கொள்ளும் நான், புத்தகத்தைத் திறந்து வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். உனக்கு வந்த செய்தியையும் அப்படித்தான் கேட்டேன். உன்னுடையதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தாயி, ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாவ. ரிசல்ட் வந்திருக்காம். உன்ன வரச் சொன்னாவ."

"குரல் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"குரலா? சாதாரணமாத்தான் இருந்துச்சு."

"பதட்டமாப் பேசலியே?"

"இல்லியே. நிதானமாத்தான் சொன்னாவ."

"அப்ப ஒண்ணுமில்ல" என்றாய். உன் முகம் தெளிந்துவிட்டது. பெரிய விஷயம் என்றால் குரல் ஆடியிருக்குமாம். அப்போது மழை பெய்து ஓய்ந்திருந்தது. உளுந்துக்குள் களை மண்டிக் கிடந்தது. கரிசல் காய்ந்து இறுகிவிட்டால் களை கையோடு வராது என்று ஊரே குனிந்து நின்ற நேரம். களை முடியட்டும் என்றாய். பிறகு பருத்தி எடுப்பு முடியட்டும் என்றாய். பிறகு பொங்கல் வந்தது.

அதற்குப் பிறகு வலி முற்றி, திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரி. கர்ப்பப்பை வாய்ப் புற்று என்றார்கள். அங்கே பெரிய டாக்டர், "ஆரம்பத்திலேயே வந்திருந்தா சின்ன சிகிச்சையோட முடிஞ்சிருக்கும். ரிசல்ட் அப்பவே வந்திருக்கே, யாரும் பாக்கலியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். உன் கட்டிலைச் சுற்றி நின்ற நாங்கள்தான் பற்றிக்கொண்டோம்.

சித்தப்பா போனில் கோவில்பட்டி ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுக் கத்தினார். அந்தப் பக்கம், "நாங்க போன் பண்ணி வரச் சொன்னோமே" என்றார்கள். உன்னைப் பார்க்க வந்திருந்த வேன் அண்ணாச்சி துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல தாயி?" என்றார். "எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்றார் சித்தப்பா. "நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்று அம்மா அவர்மேல் பாய்ந்தாள். ஒவ்வொருவரும் அடுத்தவரை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தபோது, நீ தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாய்.

"போதும், நிறுத்துங்க. எல்லாரும் அவிய அவிய வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்காவ. ஒரு கொறையும் இல்ல. நான் மட்டும் போய்ச் சேரப் போறேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சித்தி, நீ போன பிறகு அந்த வார்த்தை என்னை விடவே இல்லை. கணக்குப் போடும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். அது யாருடைய வேலை? ஆஸ்பத்திரி, வா என்று சொன்னது. எதற்கு, எவ்வளவு சீக்கிரம் என்று சொல்லவில்லை. நீ வராதபோது ஏன் வரவில்லை என்று திரும்பக் கேட்கவும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அண்ணாச்சி கேட்டதை ஒரு எழுத்து மாறாமல் கொண்டுவந்து சேர்த்தார். நீயோ வந்த செய்தியை விட்டுவிட்டு, சொன்ன குரலை எடை போட்டாய். எங்கள் பள்ளியில் தொடர் ஓட்டம் ஓடும்போது, குச்சியை அடுத்தவள் கையில் கொடுத்ததும் கொடுத்தவள் புல்லில் படுத்துவிடுவாள். வாங்கியவள் ஓடுகிறாளா, நின்றுவிட்டாளா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. உன் விஷயத்திலும் அதுதான் நடந்தது என்று எனக்குத் தோன்றியது.

இனி புதுக் கதை.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லாரும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று கிராம நர்ஸ் அக்கா வீடு வீடாக வந்து சொன்னார். அம்மா, "எனக்கு ஒரு கொறையும் இல்ல. நல்லா இருக்கவளப் பிடிச்சு எதுக்கு இழுக்குதீங்க" என்றாள். ஆரம்பத்தில் ஒரு குறையும் தெரியாது, அதற்காகத்தான் பரிசோதனை என்று நான் சொன்னேன். சொன்னேன், சொன்னேன், சாப்பிடும்போதும் சொன்னேன். கடைசியில் "இவ வாய மூடுததுக்காவது போயிட்டு வாரேன்" என்று போனாள்.

போனவளை அங்கிருந்து இங்கே அனுப்பினார்கள். சந்தேகமான ஓரிடம் இருக்கிறதாம். உன்னிடம் எடுத்தது போலவே அம்மாவிடமும் ஒரு துணுக்கு எடுத்தார்கள். "ரிசல்ட் வந்ததும் போன் பண்ணுதோம், நம்பர் சொல்லுங்கம்மா" என்றார் நர்ஸ். அம்மா யார் நம்பரைக் கொடுத்தாள் என்று நினைக்கிறாய்?

அதேதான். வேன் அண்ணாச்சி நம்பர்!

"அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

"பின்ன யாரு நம்பரக் கொடுக்கச் சொல்லுத? உங்க அப்பா லாரியில எந்த ஊருல இருக்காவளோ. என் போனு கேட்டுல கெடக்கும். உனக்குப் பள்ளிக்கூடத்துல போனே கூடாது."

அவள் சொன்னது அத்தனையும் சரி. பகலில் எங்கள் வீட்டுக்கென்று எடுக்கக்கூடிய போன் ஒன்றுகூடக் கிடையாது. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று ஒன்று பட்டது. நான் நர்ஸிடம், "சிஸ்டர், எந்தக் கிழமை வந்து கேக்கணும்னு சொல்லுங்க, நாங்களே வாரோம்" என்றேன்.

"வந்தா நாங்க சொல்ல மாட்டோமா?"

"சொல்லுவீங்க. ஆனா போன் வரலைன்னா, ரிசல்ட் நல்லா இருக்குன்னு வரலையா, ரிசல்ட்டே வரலையா, போட்டும் யாரும் எடுக்கலையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தக் கிளாஸ் நீ?"

"பதினொண்ணு. பயாலஜி குரூப்."

"அதானே பாத்தேன்" என்று சிரித்தார். "ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை வா."

அந்தச் சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போய்விட்டாள். போன் வரவில்லையே, எதற்கு வீணாக லீவு என்றாள். நான் பஸ் ஏறித் தனியாக வந்தேன். அன்றைக்கு வேறொரு நர்ஸ் இருந்தார். கண்ணாடி போட்டவர், களைத்த முகம்.

"பேஷன்ட் எங்க?"

"தீப்பெட்டி ஆபீஸ்ல. நான் மக."

"பிள்ளைங்க கையில ரிசல்ட் தர முடியாதும்மா."

"தர வேண்டாம் அக்கா. என்ன எழுதியிருக்குன்னும் சொல்ல வேண்டாம். வந்திருக்கா, இல்லியா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அவர் அலமாரியிலிருந்து பேண்டேஜ் துணியால் கட்டிய ஒரு காகிதக் கட்டை எடுத்தார். வந்து வாங்காதவர்களுடைய ரிசல்ட்டாம். உன்னுடையதும் ஒரு காலத்தில் இப்படி ஒரு கட்டுக்குள் கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

"வந்திருக்கு. போன் போட்டிருக்காங்க, எடுக்கலன்னு எழுதியிருக்கு."

"திரும்பப் போடலியா அக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "திங்கக்கிழமை டாக்டர் இருப்பாங்க. அம்மாவைக் கூட்டிட்டு வந்துரு. விட்டுராத" என்றார்.

அந்தக் குரலும் சாதாரணமாகத்தான் இருந்தது, சித்தி.

கிளம்பும்போது கேட்டேன். "அக்கா, அந்தக் கட்டுல இருக்க மத்தவங்களுக்கு யாரு சொல்லுவா?"

"அந்தந்த ஊரு நர்ஸுக்குச் சொல்லணும்தான். நானும் ஒருத்திதானே கண்ணு, இங்கன ஊசியும் போடணும், வரிசையும் பாக்கணும். நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போயிருது" என்றார். அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று பார்த்தேன். முழுதாக முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னால், அம்மா சொளகில் அரிசி புடைத்துக்கொண்டே, "ஒரு தடவ போட்டவிய இன்னொரு தடவ போட மாட்டாவளா? அவசரம்னா வீட்டுக்கே ஆள் விடுவாவ" என்கிறாள். "சித்தியும் குரல் சாதாரணமா இருந்துச்சுன்னுதான் இருந்துட்டா" என்றேன். சொளகு நின்றது. அம்மா அரிசியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலையில் சேலை மாற்றிக் கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்குத்தான் என்று நான் துள்ளிக்கொண்டு பின்னால் ஓடினால், கையில் தூக்குச்சட்டி! நேராக வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நானும் ஏறி அவளை ஒட்டி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் காதில் படாமல், "அடுத்த வாரம் போவோம்ட்டி" என்று என்னிடம் முணுமுணுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் புரிந்தது. அவளுக்குச் சோம்பல் இல்லை, பயம். தெரியாத வரைக்கும் ஒன்றும் இல்லை என்று இருந்துவிடலாமே.

நான் ஒரு காரியம் செய்தேன். எழுந்து நின்று, வேன் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"அண்ணாச்சி, அம்மாவுக்கு ரிசல்ட் வந்திருக்குன்னு ஆஸ்பத்திரியில உங்களுக்குப் போன் போட்டிருக்காவ. நீங்க எடுக்கல. இன்னைக்கு டாக்டரப் பாக்கணும். இவ ஆபீஸுக்குப் போறா."

அண்ணாச்சி பிரேக்கைப் போட்ட வேகத்தில் எல்லாரும் முன்சீட்டில் முட்டிக்கொண்டார்கள். அவர் போனை எடுத்து, வந்த நம்பர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ஆமா, ஏதோ தெரியாத நம்பரு. லோன் வேணுமானு கேக்கவன்னு விட்டுட்டேன்" என்றார். கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தார். "உன் தங்கச்சி விஷயத்துல, சொல்லிட்டோம்ல, நம்ம வேல முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். இனி ஆஸ்பத்திரி சமாச்சாரத்த நான் சொல்ல மாட்டேன் தாயி. கொண்டுபோய் எறக்கித்தான் விடுவேன்."

"அண்ணாச்சி, நேரமாச்சுன்னா ஆபீஸ் கேட்ட சாத்திருவான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏட்டி, ஒருத்தி ரெண்டு பேருன்னா சாத்துவான். வண்டியோட போனா யாரச் சாத்துவான்? அப்புறம் குச்சிய அவனே அடைப்பானா?" என்றது இன்னொரு குரல்.

ஒரே சிரிப்பு. தீப்பெட்டி ஆபீஸ் வேன் முழுப் பாரத்தோடு ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் நுழைந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "பொண்ணழைப்பு மாதிரி எறக்குதாவளே" என்று இறங்கினாள். ஜன்னல்களில் எல்லாம் கைகள். "பதறாதக்கா!" "நல்லதே வரும்!" "வரும்போது எங்களுக்கும் கேட்டுட்டு வா, யாரு யாருக்கு என்ன இருக்குன்னு!"

டாக்டரம்மா சின்ன வயது. தாளைப் படித்துவிட்டு அம்மாவின் கண்ணைப் பார்த்துப் பேசினார். "இது இன்னும் புற்றா மாறலை. மாறுறதுக்கு முந்தின நிலை. அந்த இடத்தை மட்டும் எடுத்துட்டாப் போதும். அதுக்கப்புறம் சொல்லுறப்ப வந்து காட்டிக்கிடணும்."

அம்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "முந்தின நிலைன்னா?"

"வரல அம்மா. வரப் பாத்துருக்கு. அதுக்குள்ள நாம வந்துட்டோம்."

அம்மா இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். உன் பேரைச் சொல்லித்தான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வராண்டாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட வேண்டும்போல இருந்தது. உண்மையைத்தானே எழுதுவேன் என்று சொன்னேன். கொஞ்ச தூரம் ஓடவும் செய்தேன்.

அது போன வாரம். இன்றைக்கு அந்த இடத்தை எடுக்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்களாம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாமாம். அதற்குத்தான் அம்மா உள்ளே போயிருக்கிறாள். இங்கே வெளியே இன்னொரு நல்ல காட்சியும் நடக்கிறது. அந்தக் கண்ணாடி நர்ஸ் கட்டைப் பிரித்து மேசையில் வைத்துக்கொண்டு, ஆள் குறைந்த நேரமெல்லாம் போன் போடுகிறார். "அலோ, நாகலாபுரம் நர்ஸா? உங்க ஊருல ஒருத்தங்க வந்து வாங்கல. நேர்ல போய்ப் பாருங்க. சொல்லிட்டு வந்துராதீங்க, கையோட அனுப்பி வைங்க." பேரை மட்டும் வாய்க்குள் சொல்கிறார், நான் கேட்டுவிடக் கூடாது என்று. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டதும் சிரித்துவிட்டார். நான் கேட்டதால் செய்கிறாரா, தானாகச் செய்கிறாரா, தெரியாது. யாராக இருந்தால் என்ன? எங்கேயோ ஒரு வீட்டுக்கு இன்றைக்கு ஆள் போகும்.

சித்தி, யாருடைய வேலை என்ற கேள்விக்கு ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எவ்வளவோ நாள் அலைந்தேன். அப்படி ஒரு ஆள் இல்லை. டெஸ்ட் எடுத்தவர்கள் அந்த ஆள் திரும்பி வந்தாரா என்று பார்க்க வேண்டும். செய்தி கொண்டுபோனவர் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். உடம்பு யாருடையதோ அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்கப் பயந்தால் கூட இருப்பவர்கள் கேட்க வேண்டும். டாக்டர் முன்னால் அந்த ஆள் போய் உட்காரும் வரை யாருடைய வேலையும் முடியவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதை உன்னிடம் சொன்னால், "பொஸ்தகம் பேசுது, கேளுங்கடி" என்பாய். பரவாயில்லை, சொல்லிக்கோ.

கதவு திறக்கிறது!

அம்மா நடந்தே வந்தாள். சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக, உதட்டைக் கடித்துக்கொண்டு. பக்கத்து அறைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நான் காலடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளேயிருந்து வந்த நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நல்லபடியா எடுத்தாச்சு. எடுத்ததைத் திரும்ப டெஸ்ட்டுக்கு அனுப்புறோம், ஓரமெல்லாம் சுத்தமா இருக்கான்னு பாக்க" என்றார். நான் கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் அம்மா முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"அது எப்ப வரும் சிஸ்டர்? இங்கன வந்து யாரக் கேக்கணும்?"

"வந்ததும் போன் பண்ணுதோம்மா. நம்பர் எது?"

"நம்பரு கெடக்கட்டும். நானே வாரேன். வரலைன்னு சொன்னீங்கன்னா மறுபடியும் வாரேன்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் நர்ஸைப் பார்த்தேன். அம்மா திரும்பப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய சண்டையில் ஜெயித்தவள் முகம் போல இருந்தது.

நீ போனதிலிருந்து கேட்டுக் கேட்டு நச்சரிக்கும் வேலையை நான் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கு அம்மா அதில் பாதியை வாங்கிக்கொண்டாள். ஆனால் ஒன்றை மட்டும் யாராலும் வாங்கிக்கொள்ள முடியாது. எது நடந்தாலும் ஓடிப்போய் முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வருகிற இந்தத் தவிப்பு. அது என்னிடமே இருக்கட்டும்.

வெளிநோயாளிகள் நேரம் முடிந்துவிட்டது. வெளியே பெஞ்சுகள் காலி. பெருக்க வந்த அக்கா, "பாப்பா, எழுதுனது போதும், கண்ணு கெட்டுறும்" என்று சொல்லிக்கொண்டே வராண்டா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் போகிறார்.